தோன்றா எழுவாய்

சிலியின் தெற்கே, மழை விடாத ஒரு துறைமுக ஊர்.
அங்குள்ள சட்டக் கல்லூரியில்
இலக்கணம் படித்தவளுக்குக் கிடைத்தவை
ஒரு கால் ஆடும் மேசை,
ஒரு பச்சைப் பென்சில்,
அறுபத்தேழு ஆண்டுப் பழைய தீர்ப்பு.

மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை.
இரவு ஷிப்ட். தீ. பதினோரு பெண்கள்.
"இதில் உங்களுக்கு என்ன வேலை?" என்றார்
சாட்சியச் சட்டம் நடத்தும் பல்தசார் கிதெல்,
சீண்டலாக அல்ல, நிஜமாகவே விளங்காமல்.

ஹிமேனா ஓயார்சுன் பதில் சொல்லவில்லை.
ஒவ்வொரு வாக்கியத்தையும் கூண்டில் ஏற்றி
யார், யார் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

கதவு பூட்டப்பட்டிருந்தது.
சாவி ஒப்படைக்கப்படவில்லை.
எச்சரிக்கை மணி முன்பே கழற்றப்பட்டிருந்தது.
தாமதம் நேர்ந்தது.
வருத்தம் பதிவு செய்யப்படுகிறது.

இருநூற்றுப் பதினான்கு வாக்கியங்கள்.
எல்லாம் நடந்திருக்கிறது,
எவரும் எதையும் செய்யவில்லை.
தீ ஒன்றுதான், முப்பத்தெட்டாம் பக்கம் வரை,
தானே பிடித்து, தானே பரவி, தானே தின்று
தன் பெயரைச் சொல்லி முன்னால் நிற்கிறது.
தீயை எந்தச் சிறையில் வைக்க?

அடுத்த பக்கத்தில்,
காவலாளியின் வாக்குமூலத்துக்கு நடுவே
ரிப்பன் காய்ந்து மங்கிய ஒரு வரி:
எர்மிந்தா தட்டினாள்.

பெயர். வினை. முற்றுப்புள்ளி.

பென்சிலை வைத்துவிட்டு
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள்.
திரும்பி வந்தபோதும்
தட்டிக்கொண்டுதான் இருந்தாள் எர்மிந்தா.

அன்று கிதெல் வீட்டுக்குப் போகவில்லை.
"இருபது வருடமாக இதை வகுப்பில் வைக்கிறேன்.
காலவரம்பு, நஷ்டஈடு, மேல்முறையீடு...
கதவு தானாகப் பூட்டிக்கொண்டதா என்று
ஒரு பையனும் கேட்டதில்லை."
கொஞ்சம் கழித்து,
"நானும்."

மன்றத்துக்கு வராதவனைப் பிடிக்க வாரண்ட் உண்டு.
வாக்கியத்துக்கு வராதவனை?

மார்ச்சில், முதலாண்டு மாணவர்களுக்கு
இருவரும் சேர்ந்து கொடுத்த முதல் பயிற்சி:
கரும்பலகையில் அந்த ஒற்றை வரி.
செய்வினையாக மாற்றுக.

நாற்பது தலைகள் குனிந்தன.
சுலபம் என்று யாரோ சிரித்தது
பாதியில் நின்றது.
ஜன்னலோரம் ஒதிலியா என்றொருத்தி
வரியின் கடைசியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.
பூட்டினான். அதற்கு முன்னால், கதவை.
அதற்கும் முன்னால் பேனா எழும்பி நின்றது.

"எழுவாய் தெரியவில்லை. இடம் விடலாமா?"

"விடு," என்றாள் ஹிமேனா.
"ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு விடு."