உப்பெடுத்த தண்ணீர்

சாண்ட்லரில் குழாயைத் திறந்தால்
பாதி தண்ணீர் வரும், பாதி மலை வரும்.
பேனா மாதிரி ஒரு மீட்டர். முனையை முக்கினேன்:
அறுநூற்றுப் பன்னிரண்டு.

கறுப்புக் கார் வாங்கியது வரதன்.
விடியற்காலை ஐந்தரைக்குக் கழுவினாலும்
துணி எடுத்து வருவதற்குள் அரிசோனா துடைத்துவிடும்,
தண்ணீரை மட்டும்.
சுண்ணாம்பை நமக்கே விட்டுவிடும்.
பானெட்டிலிருந்து டிக்கி வரை தேமல்.
வினிகர் தேய்த்தேன். எலுமிச்சை தேய்த்தேன்.
கார் ஒரு வாரம் ஊறுகாய் வாசனை அடித்தது.

வேலையில் என் பிரிவு, சிப் கழுவும் தண்ணீர்.
குடிக்காதீர்கள் என்று குழாய்மேல் எழுதியிருக்கும்.
விஷமில்லை, பசி.
தன்னிடம் ஒன்றுமே இல்லாத தண்ணீர்
தொட்டதிலெல்லாம் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்ளும்,
கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் போல.
அந்தப் பசியில் நாலு வாளி
எனக்கு வீட்டில் வேண்டியிருந்தது.

நாலங்குல பி.வி.சி., நாலடி நீளம்.
அறுத்துக்கொண்டே கடைப் பையன் கேட்டான்,
மீன் தொட்டிக்கா?
காருக்கு என்றேன்.
மீனென்றே சொல்லியிருக்கலாம் என்பது போலப் பார்த்தான்.

இரண்டு முனைக்கும் மூடி.
மூடிக்குள் வட்டமாய் வெட்டிய நைலான் காலுறை.
ஊதா பிரைமர் விரலில் பட்டு
தேர்தல் மை மாதிரி போகவே இல்லை;
யாருக்குப் போட்டாய் என்று ஆபீசில் கேட்கவும்
ஆளில்லை.
உள்ளே எட்டு லிட்டர் ரெசின்.
கடுகைவிடச் சின்ன மணிகள், ஈர நீலம்,
சிந்தியவை இன்னும் காரேஜ் மூலையில் கிடக்கின்றன.
ஒரு மணி கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு
ஹைட்ரஜனை விடும்.
பக்கத்து மணி குளோரைடைப் பிடித்துக்கொண்டு
தன்னிடம் இருப்பதை விடும்.
விட்டதும் விட்டதும் சேர்ந்தால்
தண்ணீர்.
இவ்வளவு சுலபமாய் விட்டுக்கொடுத்து
எதையாவது ஆக்கியதாய்
எங்கள் வீட்டில் எனக்கு ஞாபகமில்லை.

கீழ் மூட்டு ஒழுகியது.
டெஃப்லான் டேப் ஏழு சுற்று. ஒழுகியது.
எட்டாவது சுற்றில் நின்றதா
நான் திட்டியதில் நின்றதா தெரியாது.

நாற்பத்தொன்று. மூன்று.
பிறகு மூன்று பூஜ்யம்.
காரேஜில் தனியாகச் சிரித்தேன்.
விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தேன்.
சாமான் எடுத்துப்போன அறையில்
ஹலோ என்று சொல்லிப் பார்க்கிற மாதிரி ஒரு சுவை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பெடுத்தவரை என்ன செய்வதென்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

சோப்புக்கெல்லாம் ஊர்த் தண்ணீர் போதும்.
இது கடைசி அலசலுக்கு மட்டும்,
கூரையிலிருந்து கீழே, அவசரமில்லாமல்.
துடைக்கவில்லை.
வேண்டுமென்றே உள்ளே போய்க் காபி போட்டேன்.
திரும்பி வந்தபோது
கதவில் தெருவிளக்குக் கம்பம் நின்றது,
ஹெக்டர் வீட்டுக் குப்பைத்தொட்டி நின்றது,
ஊதா விரலோடு நான் நின்றேன்.
ஒரு புள்ளி இல்லை.

வாங்குகிறவர் இரவு ஒன்பதுக்கு வந்தார்.
போன் டார்ச்சில் டயரைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார்,
இருநூறு டாலர் குறைத்தார்,
ஓட்டிக்கொண்டு போனார்.
தீர்ப்பின்படி பாதியை
வரதனுக்கு அனுப்பினேன்.
பாதி மினுமினுப்பும் அதில் அடக்கம்.

குழாயில் இன்னும் பத்து அலசலுக்குப்
பசி மிச்சமிருந்தது.

சனிக்கிழமை ஹெக்டர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்றார்.
உங்கள் ட்ரக் வெள்ளை, வெள்ளையில் புள்ளி தெரியாதே என்றேன்.
தெரியாதுதான், என்றார்.
இருக்கிறது.

ஹோஸைச் சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன்.