இருபத்திரண்டாம் எண் சட்டை

சலவை அறையின் சன்னலிலிருந்து
மைதானம் பாதிதான் தெரியும்:
ஒரு கோல் கம்பம், ஸ்கோர் பலகையின் முதுகு,
அதற்கப்பால் மெக்லாரன் பண்ணைப் பசுக்கள்.
இருந்தாலும் யார் எப்படி ஆடினார்கள் என்று
சனிக்கிழமை இருட்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும்.

நியூசிலாந்தின் இந்தத் தென்கோடியில்,
துருவக் காற்று செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே வரும் ஊரில்,
ரக்பிப் பெண்களுக்கு வெள்ளைச் சட்டை என்று முடிவெடுத்தவர்
வாழ்நாளில் ஒரு கைக்குட்டை துவைத்திருக்க மாட்டார்.

மொத்தம் இருபத்திரண்டு.
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்.
சேற்றுக்குக் கல்லுப்பும் ஒரு மணி நேர ஊறலும்.
மூன்றாம் எண் டாவெராவுக்குத் தோளில் புல் கறை,
தலையைத் தாழ்த்தி முட்டித் தள்ளுகிறவள்.
ஒன்பதின் கழுத்துப்பட்டி வாராவாரம் கிழிந்து வரும்,
அகப்படாதவளைப் பிடிக்கப் பார்த்த கைகளின் வேலை.
பதினான்கின் முதுகெல்லாம் புள்ளி புள்ளியாய்ச் சேறு,
அவள் குதிகாலே அவள்மேல் எறிந்தது.

இருபத்திரண்டு மட்டும்
மடிப்புக் கலையாமல் திரும்பி வரும்.
நான் போட்ட மடிப்பு.

முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கும் பள்ளி இது.
இந்த வருஷம் நெட்பால் கோப்பை வந்தது. ஹாக்கிக் கோப்பை வந்தது.
தாழ்வாரப் பலகையில் பொன்னெழுத்துக்கு இடமில்லாமல்
பக்கத்தில் இன்னொரு பலகை அடித்திருக்கிறார்கள்.
ரக்பி மூன்றாம் தடவையாக இறுதியை நோக்கிப் போகிறது,
பஸ் வாடகைக்கு ஊரே சீஸ் ரோல் விற்கிறது.
அத்தனைக்கும் நடுவில் ஐலா டன்பார்,
பெஞ்சின் ஓரத்தில், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு.

அரையிறுதி முடிந்து சட்டையோடே வீட்டுக்குப் போனவள்
திங்கட்கிழமைதான் கொண்டுவந்து போட்டாள்.
சேறு!
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.
நெஞ்சில் மட்டும் சேறு. முழங்கையில் இல்லை.
முதுகு பால்போல.
நான்கு விரல்கள் மேலிருந்து கீழே இழுத்த தடம்,
ஓரமாய் ஒரு கட்டைவிரல்.
மைதானத்து மண் கறுப்பு.
இது சைக்கிள் நிறுத்துமிடத்துச் செம்மண் சரளை.

அவள் அப்பா பால் லாரி ஓட்டுகிறவர்.
சனிக்கிழமைகளில் அவருக்கு ஆட்டம் கிடையாது, பண்ணைகள்தான்.
வாசலில் நின்று அவர் என்ன கேட்டாரோ,
இவள் சட்டையைக் காட்டினாளோ.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.
சட்டைகளை எடுக்க வந்த பிள்ளைகளிடம் மட்டும்
கொஞ்சம் சத்தமாகவே புலம்பினேன்:
"இந்த வாரம் இருபத்திரண்டு என் இடுப்பை ஒடித்துவிட்டதம்மா."
பொய். அரை நிமிஷத்தில் போன கறை.
ஐலா என்னைப் பார்த்தாள்.
நன்றியா, கோபமா,
இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

இறுதி ஆட்டத்தை ரேடியோவில் கேட்டேன்.
மாற்று ஆட்டக்காரிகள் இறங்க இறங்க
விரல்விட்டு எண்ணினேன். ஆறு பெயர் வந்தது.
ஏழாவதுக்கு மடக்கிய விரல்
விசில் ஊதும்வரை அப்படியே இருந்தது.
இருபத்து நான்குக்குப் பத்தொன்பது.
தெருவெல்லாம் ஹார்ன். பசுக்கள்
வேலியை விட்டு மெல்ல நகர்ந்து போயின.

இரவு பதினொன்றரைக்குப் பை வந்து இறங்கியது.
இருபத்தொரு சட்டைகள் ஒரே கறுப்புக் கட்டியாய்,
அடியில் ஒன்று, கிட்டத்தட்ட வெள்ளை.
இந்தத் தடவை அவள் எதையும் பூசிக்கொள்ளவில்லை.
ஆனால் முன்பக்கம் கசங்கியிருந்தது.
முதுகில் இரண்டு கைகளின் சேறு,
பின்னிக்கொண்ட விரல்களோடு.
தோளில் ஒரு கன்னத்தின் வட்டம்.
உயரத்தைப் பார்த்தால்
ஒன்பதாம் எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

அதை மட்டும் தனியே வைக்கலாமா என்று
தொட்டியருகே கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டேன்.
முதலில் பச்சைத் தண்ணீர்.

நாளை ஹாக்கிக்காரிகளின் காலுறைகள் வரும்,
முப்பத்தாறு ஜோடி.
எப்போதும் ஒற்றை ஒன்று குறையும்.