ஒப்பீட்டுக் குழு

மூன்று லிட்டர் கேன். பழுப்பு நிறம்.
காலையில் முதலில் வருவதைக் கொட்டிவிடுங்கள்,
அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வீணாகக் கூடாது,
மறுநாள் அதே மணி வரை.
இதை ருஷ்ய மொழியில் சொல்ல
எஸ்தோனியக்காரியான நான் மூன்று வாரம் பழகினேன்.
"ஆலையிலும் இதைத்தான் சொன்னார்கள்,
ஒரு சொட்டும் சிந்தாதே என்று"
என்றார் ஸகார் லூகிச்.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
ஜன்னலில் பால்டிக் கடல், அதற்கு முன்னால்
யுரேனியக் கழிவைப் புதைத்த மேடு.
மேட்டின் மேல் இப்போது நல்ல புல்.

இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்?
ஏழு.
படிவத்தில் ஐந்து வரைதான் கட்டம்.
ஐந்தை வட்டமிட்டேன்.
மிச்ச இரண்டு முறை
அவர் சுவரைத் தடவி நடந்தது
எந்த ஆய்விலும் வராது.

கடைசிக் கேள்வி:
மீதிக் காலம் முழுவதும் இப்படியே இருந்துவிட்டால்
எப்படி உணர்வீர்கள்?
'மீதி'க்கு நான் போட்ட ருஷ்யச் சொல்
கடைக்காரர் திருப்பித் தரும் சில்லறையாம்.
அவர் திருத்தவில்லை.
சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு
"பெரிதாக ஒன்றும் வராது, வைத்துக்கொள்" என்றார்.

கதிர்வீச்சுப் பதிவேட்டில் அவர் சுத்தம்.
இருபத்தாறு வருடமும் 'அளவுக்குள்'.
சட்டையில் குத்தும் அளவுப்பட்டையை
மாதக் கடைசியில் கழற்றி
உடைமாற்றும் அறை அலமாரியில் வைத்துவிடுவார்களாம்.
அளவு மீறினால் வேறு பிரிவுக்கு மாற்றம்,
போனஸ் போய்விடும்.
"அந்த அலமாரிக்கு ஒரு நோயும் கிடையாது,
போய்ப் பார்."

ஃபயீனாவை நான்தான் சேர்த்தேன்.
அதே ஊர், அதே குழாய்த் தண்ணீர், அதே வயது.
ரொட்டிக் கடையில் வேலை.
ஆலை வாசலை மிதித்ததே இல்லை.
ஒப்புதல் படிவத்தில் ஒப்பமிட்டாள்,
ஒப்பீட்டுக் குழுவில், 118.
கணவன் மாடி ஏறி இறங்க வேண்டாமே என்று,
உள்ளதைச் சொன்னால், ஒப்புக்குத்தான்.

ஆறாவது வாரம் டார்டுவிலிருந்து
புள்ளிவிவரம் பார்க்கும் ஊர்மஸ் எழுதினான்:
117 எதிர்பார்த்தபடி.
118 வரிசையை விட்டு விலகி நிற்கிறது,
செல்களும் சரியில்லை.
குப்பி மாறியிருக்கும். நீக்கிவிடவா?

குப்பி மாறவில்லை.
பெயர்ச்சீட்டை நானே நாக்கால் நனைத்து
(செய்யக் கூடாதுதான்)
ஒட்டியிருந்தேன்.

மறுபடி ஐந்து மாடி.
படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
அவருடைய துணியை யார் துவைத்தது?

"ஆலையிலேயே சலவை உண்டு.
ஆனால் பொத்தானை உடைத்துவிடுவார்கள்.
அதனால் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன்.
திங்கட்கிழமை.
முதலில் பால்கனியில் நின்று உதற வேண்டும்.
பைன் மரத்துப் பூந்தூள் மாதிரி,
மஞ்சளாய்,
வெயில் அடித்தால் பார்க்க அழகாய்க்கூட இருக்கும்."

ஸகார் லூகிச் எழுந்து போனார்.
குளியலறைக் கதவு. குழாய்ச் சத்தம்.
அவருக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும்.
முப்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டேன்,
வருகிற சத்தம் வேறு.

எதனால் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.
ஆயிரம் பேரைப் பற்றி ஆய்வு பேசும்.
ஒருத்தியைப் பார்த்துக் கேட்டால்
வாயை மூடிக்கொள்ளும்.

வேலை செய்த இடம்: 'ரொட்டிக் கடை'யை அடித்து
'பால்கனி' என்று எழுதினேன்.
ஊர்மஸ் கேட்டான், பால்கனிக்குக் குறியீட்டு எண் இல்லையே?
ஒன்று உண்டாக்கு என்றேன்.
இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு
ஓர் எண் வந்தது.

சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க
மாவட்ட மருத்துவமனையில் வியாழன், எட்டே கால்.
பஸ் எப்போது என்றுதான் ஃபயீனா கேட்டாள்.

புறப்படும்போது
அவளுடைய கோட்டுப் பொத்தான்களை
ஸகார் லூகிச்சே போட்டுவிட்டார்,
கழுத்திலிருந்து முழங்கால் வரை.
குனிந்து, பாதியில் ஒருமுறை
அவசரத்தில் பல்லைக் கடித்து நின்று,
மறுபடி குனிந்து.
நான்கு துளைப் பொத்தான்கள்.
ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.