வந்த காரணம்

கோர்க் ஆஸ்பத்திரியில் இருந்து
மூன்று கிழமை லீவில் வந்த அனோஜிதா
முதல் இரவே போனைச் சுற்றுக்கு விட்டாள்.
கடலில் குதிக்கப்போய் மனம் மாறி நின்ற பாறைகள்,
கூரை இல்லாத கோட்டைகள்,
கோட்டைக்குள் புல், புல்லுக்குள் ஆடு,
எல்லாப் படத்திலும்
இரண்டு கையாலும் தலைமுடியைப் பிடித்தபடி
ஐந்து தாதிமார்.

"காத்துக்கும் டிக்கட்டாகா?" என்றான் டெஸ்மன்.
"எங்களிட்டயும் ஒண்டு கிடக்கு.
நாளைக்குப் போவம்."

நாளை புதன்கிழமை.
றிஸ்கானின் மாமா ஐஸ் ஏத்தும் வான்.
கழுவியும் போகாத இறால் மணத்தோடு
கல்லடிப் பாலம் ஏறினோம்.
கோட்டை, பிறகு வெளிச்சவீடு,
பொழுதுபடப் பாசிக்குடா:
திட்டம் டெஸ்மனுடையது.

கச்சேரி அப்போது
திராய்மடுவுக்கு மாறியிருக்கவில்லை.
"கோட்டைக்குப் போறன்" என்று
இந்த ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
கச்சேரிக்குத்தான் போவார்கள்,
போட்டோக் கொப்பி மூன்றோடு.

வாசலில் காவலாளி கேட்டார்:
"எந்தக் கிளை?"
"கிளை இல்ல. கோட்டை பாக்க."
பகிடி பண்ணுகிறோம் என்று நினைத்தார்.
"என்ட பூட்டன் கட்டினது, ஐயா," என்றான் டெஸ்மன்,
"பூட்டுப் போட்டிருக்கிறியள்."
அவர் சிரிக்கவில்லை. இடாப்பை நீட்டினார்.
'வந்த காரணம்' என்ற நிரலில்
காணி, காணி, ஓய்வூதியம், மணல் பேமிட், காணி.
அதற்குக் கீழே டெஸ்மனின் கோழிக்கிறுக்கலில்:
கோட்டை.

உள்ளே
பீரங்கி வாவியைக் குறிபார்த்தது.
அதன் நிழலில் யாரோ ஸ்கூட்டியை விட்டிருந்தார்கள்.
மூன்று முழம் தடித்த சுவரில்
ஒரு கலண்டர், ஒரு சாமிப்படம்,
எந்தப் படையும் ஏறமுடியாத உயரத்துக்குக் கோப்புகள்.
"அங்க இதெல்லாம் காலி," என்றாள் அனோஜிதா,
"இங்க ஆக்கள் இருக்கிறாங்க."
அது புகழ்ச்சியா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் சுகிர்தா
கைப்பைக்குள் இருந்து
பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தாள்.
"வந்ததுதான் வந்தம்.
அண்ணன்ட கோப்பு என்னாச்செண்டு
ஒருக்காக் கேட்டுட்டு வாறன்."

டோக்கன் அறுபத்து மூன்று.
ஓடிக்கொண்டிருந்தது இருபத்திரண்டு.

மதில் ஓரம் குந்தினோம்.
றிஸ்கான் வெளியே போய் இறால் வடை வாங்கி வந்தான்,
வான் மணம் போதாதென்று.
நேரம் போக அனோஜிதா சொன்னாள்:
"அங்க கோட்டைப் படிக்கட்டெல்லாம்
வலப்பக்கம் முறுகி ஏறும்.
கீழ இருந்து வாறவன்ட வலக்கை சுவரில முட்டும்.
மேல நிக்கிறவனுக்குத்தான் வாள் வீச இடம்."
நாங்கள் நால்வரும்
ஏனோ ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.
சுகிர்தா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்,
வலக்கையில் கவரோடு,
இறங்கி வருபவர்களுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி.

அதற்குப் பிறகு யாரும் கோட்டை பற்றிப் பேசவில்லை.
டெஸ்மன் பீரங்கி வாய்க்குள் கைவிட்டு
ஒரு பால்பக்கெட் வைக்கோலை எடுத்தான்.

மூன்றேகாலுக்கு இறங்கி வந்தாள்.
நாங்கள் கேட்கவில்லை.
அவளே சொன்னாள்:
"கோப்பு கொழும்புக்குப் போயிற்றாம்.
போன மாசம் வந்தப்போ
கொழும்பில இருந்து வந்திற்றாம் எண்டவங்கள்."
பிறகு, வடைத்தாளைச் சுருட்டியபடி:
"லைட்ஹவுஸ் பூட்டியிருவானா?"

பாசிக்குடாவைக் கைவிட்டோம்.
பாலமீன்மடுவில் வெளிச்சவீடு பூட்டித்தான் இருந்தது.
முகத்துவாரத்தில் வாவியும் கடலும்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.
றிஸ்கானுக்கு மாமாவிடமிருந்து மூன்று மிஸ்ட் கோல்.
"ஒரே ஒரு படம்," என்று
அனோஜிதா கையை நீட்டிப் பிடித்தாள்.

இன்று காலை கோர்க்கில் இருந்து
அதை அனுப்பியிருக்கிறாள்.
சோளகக் காற்று.
டெஸ்மனின் தொப்பி பாதி வானத்தில்.
நானும் றிஸ்கானும் கண்ணை மூடியிருக்கிறோம்.
சுகிர்தாவின் முடி முகம் முழுக்க அடிக்கிறது,
பிடிக்கவில்லை அவள்.
இரண்டு கையாலும்
அந்தக் கவரைப் பிடித்திருக்கிறாள்.