ஒன்றின் தலையில் ஒரு கோடு

அச்சகத்துக்காரர் ஏழு போட வேண்டிய இடத்தில்
ஒன்று போட்டுவிட்டார்.
சங்கரவடிவின் செல்போன் எண்ணில்
கடைசிக்கு முந்தினது.
திரும்ப அடிக்கக் காசில்லை.
"ஒண்ணு தலையில ஒரு கோடு இழுத்தா
ஏழுதானட்டி" என்றாள்.
எண்ணூறு நோட்டீஸ். நீலப் பேனா இரண்டு.
மருந்துக்கடை அடைத்து வந்த பிறகு
ராத்திரி பதினொன்று வரை
தலைதலையாய் இழுத்தேன்.

அரசியல் எனக்குத் தெரியாது.
பேரூராட்சி அலுவலகத்தில் ஒருநாள்
எங்கள் வீட்டு வாசல் சாக்கடைக்காக
அவள் கத்திக்கொண்டிருந்தாள்.
மனு எழுதிய நான்
அவள் முதுகுக்குப் பின்னால் நின்று
என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தக் கடன்.

முக்கூடல், ஒன்பதாம் வார்டு. சின்னம் சீப்பு.
மேலத்தெரு முதல் வீட்டில் பிரமநாயகம்
வழுக்கையைத் தடவிக்கொண்டே வாங்கினார்:
"எனக்குன்னே பாத்து எடுத்திருக்கியளே."
அடுத்த வீட்டில்
மடிப்பைப் பிரித்து உதறினார்கள்.
ஒன்றும் விழவில்லை.
மறுபடி உதறினார்கள்.
"இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்க்கா."
அவர்கள் வீட்டிலிருந்து எதையோ
எடுத்துக்கொண்டு வந்தவள் போல
படி இறங்கினேன்.

எதிரே கொடி கட்டிய ஆட்டோவில் வந்த பையன்
நாளுக்கு எவ்வளவு குடுக்காங்க என்றான்.
ஒண்ணுமில்லை என்றேன்.
சோறாவது?
அதுவும் இல்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
தண்ணீர் பாக்கெட் ஒன்று நீட்டினான்.
குடித்தேன். வெயில் அப்படி.

வாய்க்கால் பாலத்தருகே
பீடி சுற்றுகிறவர்களுக்குக் கை ஒழியவில்லை.
"சுளகுல போடு பிள்ள."
இலைமேல் போட்டேன்.
மாடத்தி அக்கா பேச்சுவாக்கில்
தகடு வைத்துக் கத்தரித்ததில்
இலையோடு இலையாய்
சீப்புக்குப் பாதிப் பல் போயிற்று.
"சவத்து மூதி" என்று தன் கையையே ஏசி
இன்னொன்று கேட்டு வாங்கி
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

யார் வீட்டு ஓட்டு யாருக்கு என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.
எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று தெரியும்.

நோட்டீஸில் இருந்தது நாலே வரி:
ஆறு தெருமுனையில் ஓடுகிறது.
குழாயில் தண்ணீர் ராத்திரி ரெண்டு மணிக்கு.
எந்த ராத்திரி என்று யாரும் சொல்வதில்லை.
கூப்பிடுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.

கீழத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது
பிரசாரம் முடிய ஒரு மணி நேரம்.
கட்டு ஒன்று பிரிக்காமலே இருந்தது,
கோடு இழுக்காத கட்டு.
பையில் பேனா இருந்தது.
கை வலித்தது என்று சொல்லலாம்.
சலித்துவிட்டது.
கதவிடுக்கில், ஜன்னல் கம்பியில், சைக்கிள் கேரியரில்
அறுபது வீட்டுக்கு
ஒன்றை ஒன்றாகவே கொடுத்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள்.
அறுபது வீடு, வீட்டுக்கு ரெண்டு என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஓட்டு அப்படி விழுவதில்லை என்று தெரிந்தும்
மறுபடி போட்டேன்.

பங்குனியில் தலைவலி மாத்திரைக்குக்
கடைக்கு வந்தவளுக்கு ஒரு அழைப்பு.
கண்டக்டராம், கடையநல்லூர், பேர் செய்யது மசூது.
ஸ்பீக்கரில் போட்டாள்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு யார் யாரோ கூப்பிட்டு
தண்ணி வந்துட்டான்னு கேக்காங்கம்மா.
மொதல்ல ஏசிட்டேன்.
நேத்து ஒரு பொம்பளதான் சொன்னா,
பக்கத்துத் தெரு நோட்டீஸ்ல ஒரு நம்பர் வேற மாதிரி இருக்குன்னு.
சரி, உங்க ஊர்ல தண்ணி தெறந்துவிடுத ஆள்
நம்பர் இருந்தா குடுங்க.
முத டிரிப்புக்கு எப்படியும் முழிச்சுத்தான் கெடக்கேன்,
கேட்டுச் சொல்லிருதேன்."

சங்கரவடிவு என்னைப் பார்த்தாள்.
நான் செருப்பைப் பார்த்தேன்.
பிறகு அவள் எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்,
ஒவ்வொன்றாய், நிறுத்தி நிறுத்தி.
"ஏழு.
ஒண்ணு இல்ல, அண்ணாச்சி.
ஏழு."