ஐந்தடி குறைவு

திருவல்லிக்கேணியில் குல்ரங் பேகம் தோட்டம் எங்கே என்றால்
யாருக்கும் தெரியாது.
பொதுப்பணித்துறை பழைய ஸ்டோர் என்று கேளுங்கள்,
டீக்கடைக்காரர் கரண்டியால் வழி காட்டுவார்.

உள்ளே தார் டின்கள்,
கால் போன நாற்காலிகள்,
ஏலத்தில் யாரும் கேட்காத ஒரு ஜீப்.
நடுவே அது.
எட்டு இதழ்த் தொட்டி.
இதழுக்கு இதழ் ஆறடி நாலு அங்குலம்,
ஏழாவது மட்டும் ஆறடி ஒன்று.
"கல்லு பத்தலையா, கொத்தனுக்குக் கண்ணு பத்தலையா?"
டேப்பின் மறுமுனையில் தனகோடி.

நான் உதவிப் பொறியாளர்.
அளப்பேன், வரைவேன், மதிப்பீடு போடுவேன்.
மார்ச்சுக்குள் மோட்டார் வைத்து, கலர் லைட் வைத்து
இதைத் துள்ள வைக்க வேண்டுமாம்.

மோட்டார் இல்லாமல் துள்ளியது ஒரு காலம்.
வடக்கு மதிலோரம் கவலைக் கிணறு, இரண்டு ஜோடி மாடு,
செங்கல் தூண்களின் மேல்
இருபத்தோரு அடியில் ஒரு நீர்த்தொட்டி.
விடியலிலிருந்து உச்சி வரை இறைத்தால்
மாலையில் முக்கால் நாழிகை ஊற்று.
பல்லக்கு வாசலில் தெரிந்ததும்
ஒருவன் பச்சைத் துணி அசைப்பான்,
ஒருவன் தூணடியில் மரத்தக்கையைத் தட்டி எடுப்பான்.
அவ்வளவுதான் அதிசயம்:
உயரத்தில் சேர்த்து வைத்த மாட்டு மூச்சு
இறங்கி வந்து பூவாய் நிற்கும்.

கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்தரைத்த சுண்ணாம்பு
இன்றும் தொட்டால் கன்னம் மாதிரி இருக்கிறது.
வெண்கல மொட்டில் பன்னிரண்டு துளை.
இரண்டில் குளவி குடியிருக்கிறது.

இரவு கணக்குப் போட்டேன்.
இருபத்தொன்றில் சுடுமண் குழாயின் உராய்வு கழித்து
மூன்று வளைவு கழித்து
கடற்காற்றுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து
பதினான்கு.
திரும்பப் போட்டாலும் பதினான்கு.

அரண்மனைப் பாரசீகக் கணக்கைப்
பெயர்த்துத் தந்தார் கலீமுல்லா சார், ஒரு பக்கம்தான்:
"ஊற்று ஒன்பதடிக்கு மேல் எழவில்லை.
குழாய் பதித்த பெத்தபெருமாளுக்கு
அபராதம் மூன்று வராகன்.
காரணம் கேட்டால்
காற்று குடித்துவிடுகிறது என்கிறான்."

ஐந்தடி.
எந்தக் காற்றும் அவ்வளவு குடிக்காது.

மறுநாள் ஏழாவது இதழின் கீழே தோண்டச் சொன்னேன்.
ஒன்றரை அடியில் கிடைத்தது
இரண்டு விரல் தடிமனில் ஒரு கிளைக்குழாய்,
கிழக்கே திரும்பி மதிலுக்கு அடியில் நுழைந்து.
விரிசல் இல்லை, ஒழுகல் இல்லை.
மொத்தத் தோட்டத்திலும் இவ்வளவு கவனமாகப் பூசிய இணைப்பை
நான் பார்க்கவில்லை.
அதற்கு இடம் விடத்தான்
மூன்றங்குலம் குறைந்திருக்கிறது அந்த இதழ்.

மதிலுக்கு உள்ளே நல்ல தண்ணீர், வெளியே உப்பு.
அப்போதே அப்படித்தான் போல.
பேகம் பூ பார்த்த முக்கால் நாழிகையில்
மதிலுக்கு அந்தப்பக்கம் பானைகள் நிறைந்திருக்கும்.
விழும் சத்தம் கேட்காதிருக்க
வாயில் துணி கட்டியிருப்பார்களோ?
பிள்ளைகள் சிரிக்காதிருக்க
என்ன செய்திருப்பார்கள்?
பெத்தபெருமாளின் மூன்று வராகனை
யார் யார் சேர்த்துக் கொடுத்தார்கள்?
கணக்கில் இல்லை.
அவர் தனியாகவே கட்டியிருக்கலாம்.

மதிலேறிப் பார்த்தேன்.
சந்தில் மஞ்சள், பச்சை, நீலக் குடங்கள்
ஆளில்லாமல் வரிசையில் நின்றன.
லாரி இன்னும் வரவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
உயரக் குறைவுக்கான காரணம்.
கசிவு என்றால் அடைப்பார்கள்.
திருட்டு என்றால் செய்தியாகும்.
பேனா கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.

காற்று, என்று எழுதினேன்.

"ஆபீஸ்ல சிரிப்பாங்க மேடம்" என்ற தனகோடி
நான் சொல்வதற்கு முன்பே
குழியை மூடத் தொடங்கியிருந்தார்.