இரண்டு மதிப்பெண் வினா

காந்தி ரோட்டில் லாட்ஜுகளுக்குக் கீழே
அத்தாவுல்லா பாய் ஜெராக்ஸ் கடை.
காலை எட்டரைக்கே மிஷினும் வெயிலும்
சேர்ந்து சூடேறிவிடும்.
"ஒரிஜினல் காப்பி ரெண்டு குடும்மா."
நகலில் ஏது அசல் என்று
யாரும் கேட்டதில்லை. நானும் கொடுத்துவிடுவேன்.

கல்லாவுக்கு அடியில் என் அரியர் பேப்பர் நோட்ஸ்.
ஆக்ஸிமோரான்: சேராத இரு சொல்லைச் சேர்த்துக் கட்டுவது.
எடுத்துக்காட்டு, ஊரறிந்த ரகசியம்.
கிரேக்கத்தில் அந்தச் சொல்லே அப்படித்தானாம்,
முன்பாதி கூர், பின்பாதி மழுங்கல்.
கூரான மொக்கை.
இதை மட்டும் மறக்கவே மாட்டேன்.

உதாரணத்துக்குப் பஞ்சமா இங்கே?
பாலாற்றுப் பாலத்தில் போகும்போது பஸ்ஸில்
மணலைப் பார்த்து "ஆறு வந்துடுச்சு" என்கிறார்கள்.
"அர்ஜென்ட், ஆனா மெதுவா எடும்மா, கிழிஞ்சிடும்"
என்று நேற்று ஒருவர் ரேஷன் கார்டை நீட்டினார்.
பச்சை மையில் கையெழுத்திட்ட 'உண்மை நகல்'
நாளைக்கு நாற்பது போகிறது.

இந்தத் தெருவில் மட்டும்
பாசிட்டிவ் என்றால் படுத்துக்கொள்ள வேண்டும்,
நெகட்டிவ் என்றால் காட்பாடியில் டிக்கெட் எடுக்கலாம்.
வேலைக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது.

மேதினிப்பூர்க்காரர், சித்திரையிலும் கழுத்தில் மஃப்ளர்,
மனைவியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை நீட்டினார்.
கண்ணாடியில் கவிழ்க்கும்போது கண்ணில் பட்டது:
நெகட்டிவ்.
அவருக்கும் பட்டிருக்கிறது. உதடு நடுங்கிற்று.
எனக்குத் தெரிந்த இந்தியை அள்ளிப் போட்டேன்,
"நெகட்டிவ் மத்லப் பாசிட்டிவ்!"

நல்லது என்று சொல்லத்தான் நினைத்தேன்.
பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.
அவரோ நடைபாதையில்
அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏய் எப்சிபா, என்ன சொல்லித் தொலைச்சே?"
டீ கிளாஸோடு பாய் ஓடி வந்தார்,
தாளை வாங்கிப் படித்தார், குனிந்தார்,
எங்கள் ஊர் உருதுவில் மூன்றே சொல்:
"பீமாரி நை, பாய்."

நை. இல்லை.
அதற்கு எதிர்ச்சொல் எதையும்
பக்கத்தில் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுந்து மஃப்ளரை அவிழ்த்து முகம் துடைத்தார்.
இன்னும் நாலு காப்பி வேண்டுமாம். யாருக்கென்று சொல்லவில்லை.
பாய் காசு வாங்கவில்லை,
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வாராம்.

வெள்ளிக்கிழமை பரீட்சை.
ஊரறிந்த ரகசியம் என்றே எழுதப் போகிறேன்,
திருத்துகிறவர் கைடைத்தான் பார்ப்பார்.